மேட்டுப்பாளையம் – கோத்தகிரி காய்கறி லோடு: தினசரி ஓட்டத்துக்குப் புது பிக்கப், எந்த எஞ்சின் எடுக்கலாம்?

காய்மண்டி:

புது பிக்கப் ஒண்ணு எடுக்கணும். எந்த எஞ்சின்ங்கறதுலதான் முடிவுக்கு வர முடியலை. ஓட்டத்தை முழுசா சொல்லிடறேன், பதில் சொல்றவங்களுக்கு வசதியா இருக்கும்.

தினம் ஏறக்குறைய 140 கி.மீ. மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி போய், சுத்துப்பட்டுத் தோட்டங்கள்ல கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் ஏத்திக்கிட்டு திரும்ப மேட்டுப்பாளையம் மண்டி. போக வர 70 கி.மீ. அதுக்கப்புறம் கோவைக்கு ஒரு நடை. கடை கடையா இறக்கிட்டு வெறும் வண்டியா திரும்பணும், அது ஒரு 70. மலையில இருந்து இறங்கும்போது லோடு 1.2 டன், சீசன்ல 1.4 வரைக்கும் போகும். ஏறும்போது காலி டிரே மட்டும்தான், சில நாள் பத்துப் பன்னிரண்டு உர மூட்டை இருக்கும். மாசம் 26 நாள் ஓட்டம்.

பார்த்து வெச்சிருக்கறது: டாடா இன்ட்ரா வி50 டீசல், மஹிந்திரா பொலிரோ பிக்கப் 2.5 டீசல், அதுலயே சிஎன்ஜி, அசோக் லேலண்ட் தோஸ்த் டீசல். டாடா ஏஸ் மின்சார வண்டியையும் பாருங்கன்னு சொல்றாங்க. மலைக்குன்னா எச்.பி. அதிகமா இருக்கறதை எடுன்னு ஒருத்தர், சிஎன்ஜி எடுத்தா செலவு குறையும்னு ஒருத்தர், பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல்ல டிபிஎஃப்னு ஒரு புகை வடிகட்டி இருக்கு, அது அடைச்சுக்கும், கிட்டயே போகாதேன்னு இன்னொருத்தர். எதை வெச்சு முடிவு பண்றதுங்க?


கமான்கட்டு:

எச்.பி.யை விடுங்க. உங்க ஓட்டத்துல ஏறும்போது வண்டி காலி, இறங்கும்போதுதான் லோடு. இதை முன்னாடி வெச்சுக்கிட்டு எஞ்சினைப் பாருங்க, பாதிக் குழப்பம் போயிடும்.

ஏத்தத்துக்கு என்ன வேணும்னு முதல்ல ஒரு கணக்கு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டர் சொச்சம், கோத்தகிரி சுமார் 1,800. ஆக 1,500 மீட்டர் ஏறணும். லோடோட சேர்த்து 2.9 டன் இருக்கற வண்டி, 100 மீட்டருக்கு 7 மீட்டர் ஏறுற ரோட்டுல 30 கி.மீ. வேகத்துல போக சக்கரத்துல 20 கிலோவாட் போதும், அதாவது 27 எச்.பி. நீங்க சொன்ன டீசல் எல்லாமே 70 எச்.பி., அதைச் சுத்திதான். அதுவும் நீங்க காலி வண்டியாத்தான் ஏறப்போறீங்க. அதனால எச்.பி. ஒரு பிரச்சினையே இல்லை.

கொண்டை ஊசி வளைவுல வண்டி 10 கி.மீ. வேகத்துக்கு இறங்கி, எஞ்சின் 1,200 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு அத்தனை சுத்து) திணறும்போது இழுக்குதா இல்லையா, அதைத்தான் பார்க்கணும். பிரவுஷர்ல டார்க் (எஞ்சினோட சுழற்று விசை, என்.எம்.ல போடுவாங்க) நம்பருக்குப் பக்கத்துல எந்த ஆர்பிஎம்ல இருந்து எந்த ஆர்பிஎம் வரைக்கும்னு போட்டிருக்கும். பெரிய நம்பரைப் பார்க்காம அதைப் படிங்க. தோஸ்த் 1.5 லிட்டர், மூணு சிலிண்டர், 170 என்.எம். வி50-யும் 1.5 லிட்டர், ஆனா நாலு சிலிண்டர், 220 என்.எம். பொலிரோ 2.5 லிட்டர், நாலு சிலிண்டர், மாடலைப் பொறுத்து 200ல இருந்து 220. காகிதத்துல வி50-யும் பொலிரோவும் ஒண்ணுதான். ரோட்டுல வித்தியாசம் தெரியறது டர்போ (காத்தை அழுத்தி எஞ்சினுக்குள்ள தள்ளற விசிறி) எழும்பறதுக்கு முன்னாடி. அந்த நேரத்துல 2.5 லிட்டர் தன் கொள்ளளவாலயே இழுத்துக்கும். 1.5 லிட்டர்ல முதல் கியருக்கு வந்தாகணும். வராம பாதி கிளட்ச்ல பிடிச்சு ஏத்தறவங்க வண்டியிலதான் கிளட்ச் பிளேட் சீக்கிரம் கருகும், ஃப்ளைவீல் முகத்துல நீலம் பூத்துச் சூட்டு வெடிப்பு விழும். அதுக்கு எஞ்சினைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

இனி இறக்கம். அதே 2.9 டன் 1,500 மீட்டர் இறங்கினா, கிட்டத்தட்ட 12 யூனிட் கரண்டுக்குச் சமமான சக்தி சூடா வெளிய போயாகணும். டயர் உருளறதுல அதுல கால்வாசி போகும். மிச்சத்தை எஞ்சினும் பிரேக்கும் பங்கு போட்டுக்கணும். எஞ்சின் எவ்வளவு வாங்கிக்குதோ அவ்வளவு தூரம் பிரேக் தப்பிக்கும். இங்கதான் கொள்ளளவு பேசும். 2,523 சிசி எஞ்சினும் 1,496 சிசி எஞ்சினும் ஒரே ஆர்பிஎம்ல சுத்தினா பெரியது கூடுதலாப் பிடிக்கும். சின்னதை அதே அளவு பிடிக்க வைக்கணும்னா ஒரு கியர் கீழ போட்டு 3,000 ஆர்பிஎம்ல சுத்த விடணும். அதுல தப்பு ஒண்ணும் இல்லை, சத்தம்தான் கூட. மூணாவது கியர்ல ஏறுற இடத்துல, லோடோட இறங்கும்போது ரெண்டாவது. நியூட்ரல்ல உருட்டினாலோ கிளட்சை மிதிச்சுக்கிட்டே இறங்கினாலோ எஞ்சின் பங்கும் சேர்த்து பிரேக் தலையிலதான் விழும். சாவியை அணைச்சுட்டு இறங்கறது இன்னும் மோசம், பிரேக் மிதிக்க உதவற வேக்குவம் பம்ப் நின்னா ரெண்டு மூணு மிதிக்கு அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும்.

உங்க ஓட்டத்துக்கு என் தேர்வு 2.5 டீசல். வி50 ரெண்டாவது. மைலேஜ்ல 1.5 லிட்டர் முந்தும், அதையும் கணக்குப் போட்டுடலாம்: 140 கி.மீ.க்கு லிட்டருக்கு 12 கொடுத்தா 11.7 லிட்டர், 14 கொடுத்தா 10 லிட்டர். மாசத்துக்கு 43 லிட்டர் வித்தியாசம். இன்னைக்கு பங்க் போர்டுல இருக்கற விலையால பெருக்கிப் பாருங்க. அந்தக் காசு உங்களுக்குப் பெருசுன்னா வி50 எடுத்து, கியரை ஒழுங்காப் பயன்படுத்தற டிரைவரைப் போடுங்க.


சைலன்சர்:

டிபிஎஃப் பற்றிய பயம் பாதி உண்மைதான். எந்த ஓட்டத்துக்கு அடைக்கும், எந்த ஓட்டத்துக்கு அடைக்காது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் டீசல் வண்டிகள் பிஎஸ் 6. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டிதான் டிபிஎஃப். பிடித்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்கினால்தான் வழி திறந்திருக்கும். நல்ல லோடில், தொடர்ந்து ஓடும்போது புகைச்சூடு 300 டிகிரிக்கு மேல் நின்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே எரியும். அது போதாதபோது எஞ்சின் கம்ப்யூட்டர் கூடுதல் டீசலைத் தெளித்துச் சூட்டை 550, 600 டிகிரிக்குக் கொண்டுபோய் எரிக்கும். இதுதான் ரீஜெனரேஷன். நடந்து முடிய பொதுவாகப் 15 முதல் 20 நிமிடம் நிற்காத ஓட்டம் வேண்டும்.

ஒரே ஊருக்குள் 3 கி.மீ. ஓடி நிறுத்தி, மறுபடி 3 கி.மீ. ஓடும் தண்ணீர் கேன் வண்டி, கேஸ் சிலிண்டர் வண்டி ஆகியவற்றுக்குத்தான் இது தொல்லை. உங்கள் ஓட்டத்தில் தினமும் ஒரு மலை ஏற்றமும் கோவை நெடுஞ்சாலையும் இருக்கின்றன. கரி எரிய இவை இரண்டுமே நல்ல இடங்கள். கோவைக்குள் கடை கடையாக நிறுத்தும் நேரம் மட்டும்தான் கரி சேரும் நேரம். அந்த நேரத்தில் எஞ்சினை ஓடவிட்டபடி லோடு இறக்காதீர்கள். ஐடிலில் புகை குளிர்ந்திருக்கும், கரி மட்டும் சேரும்.

ரீஜெனரேஷன் நடப்பதை அடையாளம் காண: ஐடில் வழக்கத்தைவிட நூறு இருநூறு ஆர்பிஎம் கூடியிருக்கும், ஃபேன் காரணமில்லாமல் ஓடும், வண்டிக்கு அடியில் காய்ந்த சூட்டு வாடை வரும். அப்போது சாவியைத் திருப்பி அணைத்தால் அந்த முறை பாதியில் நிற்கும். ஒருமுறை என்றால் பாதகமில்லை. திரும்பத் திரும்ப நின்றால் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறும். மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் அந்த ஆயிலில் வண்டியை ஓட்டாதீர்கள், டர்போ பேரிங்கும் பிக் எண்ட் பேரிங்கும் போய்விடும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ரீஜெனரேஷன் ஏன் முடியவில்லை என்பதை ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு சிக்கியிருக்கலாம், டிபிஎஃப் அழுத்த சென்சாரின் ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். குழாய்க்கு ஆகும் செலவு சொற்பம். அதைப் பார்க்காமல் டிபிஎஃப்பையே மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆயில் விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும், கையேட்டில் போட்டிருக்கும் கிரேடு எதுவோ அது. பழைய வண்டிக்கு வாங்கிவைத்த டின் மிச்சமிருக்கிறது என்று இதில் ஊற்றினால், அதிலிருந்து வரும் சாம்பல் எரியாது. கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. வடிகட்டியைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

இன்னொன்று. ஷோரூமில் டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல மூடி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் செய்யும் யூரியா கரைசல்) ஊற்றும் வகை. டீசலில் 3 முதல் 5 சதவீதம் செலவாகும், உங்கள் ஓட்டத்துக்கு மாதம் 8 முதல் 15 லிட்டர். சீல் உடையாத கேனில், ஐஎஸ்ஓ 22241 என்று அச்சிட்டதை மட்டும் வாங்குங்கள். 32.5 சதவீத யூரியா என்பதால் உர யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வண்டியில் உர மூட்டை வேறு இருக்கும். செய்யவே கூடாது. உர யூரியாவில் இருக்கும் மற்ற உப்புகள் நாசிலை அடைத்து, வினையூக்கியையும் கெடுத்துவிடும். நீல மூடி இல்லாத வகையில் இந்த வேலை இல்லை, ஆனால் அதற்கும் நல்ல டீசல், நிற்காத ஓட்டம் இரண்டும் வேண்டும்.


மஞ்சள்பட்டை:

சிஎன்ஜி பத்தி யாரும் சொல்லலை, நான் சொல்றேன். சமவெளியில கோவை – திருப்பூர் மாதிரி ஓட்டத்துக்கு சிஎன்ஜி நல்ல தேர்வு. எஞ்சின் சத்தம் கம்மி, டிபிஎஃப், ஆட்ப்ளூ தொல்லை கிடையாது, குளிர்ல ஸ்டார்ட் பண்ணினதும் ஊருக்குள்ள ஓட்டினாலும் ஒண்ணும் ஆகாது. உங்க ஓட்டத்துக்கு மூணு இடத்துல இடிக்குது.

முதல்ல மலை. காத்து மெலிசாக ஆக டர்போ இல்லாத எஞ்சின் 1,000 மீட்டருக்குப் பத்துல ஒரு பங்கு சக்தியை இழக்கும். கேஸ் வேற காத்து இருக்க வேண்டிய இடத்தைப் பிடிச்சுக்கும், அதுல இன்னொரு பத்து சதவீதம் போகும். அதனால சிஎன்ஜி பார்க்கறதா இருந்தா டர்போ இருக்கான்னு கேட்டுட்டு மத்ததைப் பேசுங்க. இறக்கத்துல மட்டும் ஒரு நல்ல விஷயம்: த்ராட்டில் மூடினதும் உள்ள வெற்றிடம் உண்டாகி எஞ்சின் நல்லாவே பிடிக்கும்.

ரெண்டாவது எடை. இரும்பு சிலிண்டர் ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கனம். 60 லிட்டர் சிலிண்டர் ஒண்ணு 60 கிலோ, அதுல அடங்கற கேஸ் 10 கிலோ. அதுவும் 200 பார் அழுத்தத்துல நிரப்பினாத்தான். கூட்டம் இருக்கற நேரத்துல பங்க்ல அழுத்தம் இறங்கி எட்டோட நின்னுடும். சிலிண்டர் ஏத்தற ஒவ்வொரு கிலோவும் உங்க லோடுல இருந்து கழியும். 1.4 டன் ஏத்தறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மூணாவது நேரம். கேஸைக் கீழயே நிரப்பிட்டுத்தான் மலை ஏறணும். வரிசையில நின்னு மண்டி நேரத்தைத் தவறவிட்டா அன்னைக்கு மிச்சம் பிடிச்ச காசு விலையில போயிடும்.

எடுக்கறவங்களுக்குப் பராமரிப்பு: கேஸ் வறண்டது, பெட்ரோல் மாதிரி வால்வு சீட்டை நனைக்காது. சீட் தேயத் தேய டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளற பாகத்துக்கும் நடுவுல விடற இடம்) இறுகும். சத்தம் கேட்கும்னு காத்திருக்காதீங்க, இறுகினா சத்தம் வராது, வால்வு கருகிக் கம்ப்ரஷன்தான் போகும். கையேட்டுல சொன்ன கிலோமீட்டருக்கு டேப்பட் பாருங்க. ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் தள்ளிப் போடாதீங்க. ஒரு சிலிண்டர் மிஸ் ஆனா எரியாத கேஸ் சைலன்சர்ல போய் எரிஞ்சு கேட்டலிடிக் கன்வர்ட்டர் உருகிடும். சிலிண்டருக்கு 3 வருஷத்துக்கு ஒரு தடவை ஹைட்ரோ டெஸ்ட் கட்டாயம்.


காய்மண்டி:

ரொம்ப நன்றிங்க. எச்.பி.யை மட்டும் பார்த்துட்டு இருந்தோம், இறக்கத்தை யோசிக்கவே இல்லை. ரெண்டு சந்தேகம். மின்சார வண்டி இந்த மலைக்குத் தாங்குமா? இன்னொண்ணு, டெலிவரி எடுத்ததும் பின்னாடி கமான்ல (பட்டை ஸ்பிரிங்) ரெண்டு பட்டை சேர்த்துடலாம்னு டிரைவர் சொல்றாரு, லோடு இறங்கும்போது பின்னாடி உக்காராம இருக்குமாம். சரிதானா?


மஞ்சள்பட்டை:

மின்சார வண்டிக்கு உங்க ஓட்டம் உண்மையிலயே சாதகம். காலியா ஏறி லோடோட இறங்கினா, ஏத்தத்துல போன கரண்ட்ல ஒரு நல்ல பங்கு இறக்கத்துல திரும்ப பேட்டரிக்கு வரும். ஏஸ் பேட்டரி 21.3 யூனிட். ஒன்றரை டன் எடையோட கோத்தகிரி ஏற சுமார் 9 யூனிட் வேணும்னு கணக்கு வருது. ஏறிடும். ஒண்ணு கவனிக்கணும்: மலை மேல சார்ஜ் போட்டு முழுசா நிரப்பிட்டு இறங்கக் கூடாது. பேட்டரியில இடம் இல்லேன்னா திரும்ப வர்ற கரண்டை வாங்காது, அப்ப பிடிப்பும் இருக்காது, முழுச் சுமையும் பிரேக்குக்குப் போகும்.

ஆனா அந்த வண்டி லோடு வகையைப் பொறுத்து 600 கிலோ இல்லேன்னா 1 டன். உங்க 1.2, 1.4 அதுல அடங்காது. கோவை கடை நடைக்கு மட்டும் தனி வண்டி போடற யோசனை வந்தா அப்ப பாருங்க.


கமான்கட்டு:

பட்டை சேர்க்கவே சேர்க்காதீங்க. பின் அச்சுக்கு மேல சேசிஸ்ல ஒரு சின்ன வால்வு இருக்கும், அதுல இருந்து ஒரு கம்பி இல்லேன்னா ஸ்பிரிங் அச்சோட மாட்டியிருக்கும். எல்எஸ்பிவின்னு சொல்வாங்க. லோடு ஏறி வண்டி பின்னாடி உக்காரும்போது அந்தக் கம்பி நகர்ந்து பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தத்தைத் திறந்து விடும். நீங்க பட்டை சேர்த்து வண்டியை உக்கார விடாம பண்ணிட்டா, 1.4 டன் ஏத்தின பிறகும் அந்த வால்வு வண்டி காலின்னே நினைச்சுக்கும். பின் பிரேக் பாதிதான் வேலை செய்யும், முன் பிரேக் எல்லாத்தையும் தாங்கும். கோத்தகிரி இறக்கத்துல முன் டிஸ்க் கொதிச்சு, பிரேக் ஆயில்ல குமிழி வந்து பெடல் தரைக்குப் போறதுக்கு இது ஒரு காரணம். எடை தாங்கலைன்னு தோணினா அதிக லோடு ரேட்டிங் உள்ள மாடலா எடுங்க. பிரேக் ஆயிலை 2 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. அது காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும்.

மாடல் எடுக்கும்போது ஆர்சியில வரப்போற மொத்த எடையைக் கேளுங்க. 3,000 கிலோவுக்கு மேல போகாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. வி50 2,940 கிலோ, உள்ளேயே நிக்குது, லோடு 1.5 டன். பொலிரோவுல 1.7 டன் மாடல் 3,000-ஐத் தாண்டிடும், பெர்மிட் எடுக்கணும். அதே 2.5 எஞ்சினோட 3,000-க்குள்ள வர்ற மாடலும் இருக்கு, ஆனா அதுல உங்க 1.4 டன் சட்டப்படி அடங்குதான்னு தனியாப் பாருங்க.

டெஸ்ட் டிரைவ் வெறும் வண்டியில ஊரைச் சுத்திட்டு வர்றதுன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. ஒரு டன் மணல் மூட்டை ஏத்தித் தரச் சொல்லுங்க, டெமோ வண்டிக்குச் சில டீலர் ஒத்துக்குவாங்க. கோத்தகிரி ரோட்டுல ஏத்தம் ஆரம்பிச்சு முதல் நாலஞ்சு வளைவு போதும். வளைவுக்கு நடுவுல வேணும்னே நிறுத்தி, கைபிரேக் போட்டு, முதல் கியர்ல ஆக்ஸிலரேட்டர் அதிகம் கொடுக்காம எடுத்துப் பாருங்க. கிளட்ச் வாடை வந்தா அந்த கியர் விகிதம் உங்க ரோட்டுக்குப் போதாது. திரும்பும்போது ரெண்டாவது கியர்ல காலை எடுத்துட்டு விடுங்க. வேகம் ஒரே அளவுல நிக்குதா, ஏறிக்கிட்டே போகுதான்னு பாருங்க. ஏறிக்கிட்டே போனா அந்த எஞ்சினுக்கு இறக்கத்துல பிடிப்புப் போதாது. கீழ வந்ததும் முன் சக்கரத்துப் பக்கத்துல நின்னு சூட்டை உணருங்க, தொட வேண்டாம். ரெண்டு எஞ்சினையும் ஒரே நாள்ல, ஒரே எடையில, அதே வளைவுகள்ல பார்த்துடுங்க. ஏத்தம் முடிஞ்சு மேல நிறுத்தும்போது உடனே அணைக்காம ஒரு நிமிஷம் ஐடில்ல விடுங்க. டர்போ சுத்திக்கிட்டு இருக்கும்போது ஆயில் நின்னுட்டா தண்டுல ஆயில் கருகும். டெமோ வண்டியா இருந்தாலும் இதைச் செய்யுங்க.